பங்குனி கழியும்வரை

தவமலருக்கு வந்த நோயின் பெயரை யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. இரத்தச்சோகை என்றார்கள் சிலர். இரத்தப் புற்று என்று குரலைத் தாழ்த்திச் சொன்னவர்களும் இருந்தார்கள். அது இரண்டும் இல்லை.

1985ஆம் ஆண்டு மாரி தொடங்கியபோது அவளுக்கு இருபத்தெட்டு வயது. பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகளோடு சேர்ந்து பாடினால் இரண்டாம் வரியிலேயே மூச்சு வாங்கியது. பல் தீட்டினால் முரசில் இரத்தம் கசிந்தது. ஒருநாள் கால் கழுவும்போது பார்த்தாள், முழங்காலுக்குக் கீழே சிவப்பு மையைத் தெளித்துவிட்டதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள். தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

கணவன் பரராசசிங்கம் அவளை யாழ்ப்பாணத்துக்குக் கூட்டிப்போனான். தெற்கில் ஒரு பட்டினத்தில் தகப்பன் காலத்துக் கடையை நடத்திக்கொண்டிருந்தவன் அவன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. அகதிக் கப்பலில் உடுத்த சாரத்தோடு வந்து இறங்கினான். இப்போது கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். வந்து இறங்கிய அடுத்த வருடம் இருவருக்கும் கலியாணம் நடந்தது. எரிந்ததைப் பற்றி அவன் அவளிடம் பேசியதே இல்லை. ஆனால் அடுப்பு மூட்டும் நேரத்தில் குசினிப் பக்கம் வரமாட்டான்.

ஆஸ்பத்திரியில் அவளைக் குப்புறப் படுக்கவைத்து, இடுப்பெலும்பில் தடித்த ஊசியை இறக்கி, உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்தார்கள். ஒரு கிழமை கழித்து டொக்டர் இருவரையும் கதிரையில் இருத்திச் சொன்னார்.

"எலும்புக்குள்ளை மச்சை எண்டு ஒண்டு இருக்கு. இரத்தம் ஊறுறது அங்கைதான். உமக்கு அது வத்திப்போச்சு. ஊறவேண்டிய இடத்திலை வெறும் கொழுப்புத்தான் கிடக்கு."

"ஏன் டொக்டர்?"

"எனக்குத் தெரியாது. லட்சத்திலை ஒருத்தருக்குக்கூட வராத வருத்தம். காய்ச்சலுக்குக் குடிச்ச குளிசையாலையும் வரலாம், புகையிலைக்கு அடிக்கிற மருந்தாலையும் வரலாம். ஒண்டுமில்லாமலும் வரலாம்."

கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேட்டார். அவர்களுடைய மச்சை பொருந்தினால் வெளிநாட்டில் மாற்றி வைக்கிறார்களாம். தவமலருக்கு முன் பிறந்த மூன்றும் பிறந்த கிழமையே இறந்துபோனவை. அதைக் கேட்டு டொக்டர் தலையாட்டிவிட்டு மருந்துத் துண்டை எழுதினார். மச்சையைத் தூண்டிப் பார்க்கக் குளிசை. அது வேலை செய்யும்வரை இரண்டு மாதத்துக்கு ஒருதரம் இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றுகிற இரத்தம் மூன்று, நாலு மாதத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துபோகும்.

"அப்ப நான் மற்றாக்களின்ரை இரத்தத்திலைதான் இருக்கப்போறன்" என்றாள் தவமலர், பஸ்ஸில் திரும்பி வரும்போது.

"இரத்தம் இரத்தம்தான். அதிலை என்ரை உன்ரை எண்டு இருக்கே" என்றான் அவன்.

ஆனால் அவளுடையது பி நெகட்டிவ். இலகுவில் கிடைக்காத வகை. தைப் பொங்கலுக்கு முந்திய கிழமை அவள் படுக்கையைவிட்டு எழும்ப ஏலாமல் போனபோது, ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கக் கோயிலில் பூசை முடிய இரத்தம் தேவை என்று சுவாமியார் அறிவித்தார். ஒருவன் வந்தான். பெயர் மரியநேசன். கடற்றொழில். முன்பு ஒருதரம் அடிபட்டுக் கிடந்த சிநேகிதனுக்காகச் சோதித்ததில் தன் வகை அவனுக்குத் தெரிந்திருந்தது.

யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் அவன் முன் சீற்றில் திரும்பி இருந்தபடி கதைத்துக்கொண்டே வந்தான். இரத்தம் கொடுத்துவிட்டு, கொடுத்த பணிஸ் ரொட்டியையும் தேத்தண்ணியையும் முடித்துக்கொண்டு, வாட்டுக்கு வந்து அவளுடைய கட்டிலின் காலடியில் நின்றான். தலைக்கு மேலே தொங்கிய பையைப் பார்த்தான்.

"அக்கா, என்ரையிலை உப்புக் கொஞ்சம் கூட இருக்கும். பாத்துக்கொள்ளுங்கோ."

அவள் சிரித்தாள். பல கிழமைகளுக்குப் பிறகு சிரித்தது அன்றுதான். மறுநாள் காலை எழும்பியபோது உள்ளங்கை சிவந்திருந்தது. பொங்கலன்று தானே முற்றத்தில் கோலம் போட்டாள்.

மாசி பிறந்து சில நாளில் மரியநேசன் கடலுக்குப் போனான். வள்ளம் மட்டும் எழுவைதீவுப் பக்கம் ஒதுங்கிக் கிடந்தது. பக்கத்துப் பலகையில் துவக்குச் சூட்டுத் துளைகள் இருந்தன என்றார்கள். கடலில் என்ன நடந்தது என்று கண்டவர் யாருமில்லை. உடல் வரவில்லை.

செய்தியைப் பரராசசிங்கம் இரண்டு நாள் மறைத்து வைத்திருந்தான். சங்கக்கடைக்கு வந்த ஒருத்தி வீட்டு வாசலில் நின்று தவமலரிடம் சொல்லிவிட்டாள். தவமலர் உள்ளே போய்க் கட்டிலில் இருந்தாள். கையைத் திருப்பிப் பார்த்தாள். மணிக்கட்டின் நீல நரம்பு மெல்லத் துடித்துக்கொண்டிருந்தது.

அந்த மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் சரியும் நேரம், கறுப்புச் சேலை உடுத்த ஒரு பெண் படலையில் நின்றாள். ஊர்காவற்றுறையிலிருந்து நடந்தே வந்திருந்தாள்.

"நான் அல்போன்சம்மா. மரியநேசன்ரை தாய்."

தவமலர் கதிரையை இழுத்துப் போட்டாள். அழுகை வரும், ஏச்சு வரும் என்று காத்திருந்தாள். அந்த மனுசி அவளை உச்சியிலிருந்து கால்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்.

"கையை ஒருக்கால் தாரும் பிள்ளை."

தவமலர் கையை நீட்டினாள். அல்போன்சம்மா அதை மடியில் வைத்து, மணிக்கட்டில் இரண்டு விரலை ஊன்றிக் கண்ணை மூடினாள். வெகுநேரம் விடவில்லை.

"சூடாத்தான் இருக்கு" என்றாள். "இன்னும் எவ்வளவு காலத்துக்கு இருக்குமாம்?"

என்ன கேட்கிறாள் என்று தவமலருக்கு உடனே விளங்கிவிட்டது. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. "மூண்டு, நாலு மாதம் எண்டு டொக்டர் சொன்னவர், அம்மா."

"தைப் பொங்கலோடை தந்தவன். மாசி, பங்குனி, சித்திரை." விரல் மடித்துப் பார்த்தாள். "சுவாமியார் திருப்பலி வைக்கச் சொல்லி நிக்கிறார். வெறும் பெட்டியாவது புதைக்கவேணுமாம். நான் மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். அவன் இன்னும் முழுக்கச் சாகேல்லை."

அதன்பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வந்தாள். வெறுங்கையோடு வரமாட்டாள். சுறாப் புட்டு, இறால் பொரியல், வெள்ளிக்கிழமைகளில் தவமலர் வீட்டில் மச்சம் இல்லை என்று அறிந்தபின் முருங்கையிலை வறை. சாப்பிடும்போது எதிரே இருந்து ஒவ்வொரு கவளத்தையும் பார்ப்பாள். "இன்னும் கொஞ்சம் போடு மோனை" என்று மகனைக் கூப்பிடுவதுபோல் சொல்லுவாள். யாருக்குப் போடச் சொல்கிறாள் என்று தவமலர் கேட்டதில்லை. பிறகு கை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரல்.

பரராசசிங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. "அவ உம்மைப் பாக்க வரேல்லை. உம்மடை உள்ளுக்கை இருக்கிறதைப் பாக்க வாறா" என்றான்.

"வரட்டும். வேறை எங்கை போய்ப் பாக்கிறது?"

அவளுக்கே அந்த எண்ணம் மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. நடக்கும்போது நிறைகுடம் சுமப்பவள்போல் நடந்தாள். மரக்கறி அரியும் கத்தியைத் தொடப் பயந்தாள். கையில் நுளம்பு வந்து குந்தி வயிறு சிவந்து பறந்தபோது, அடிக்கத் தூக்கிய கை அப்படியே நின்றது. அந்த மாதம் தூரம் வந்து இரத்தம் நாட்கணக்காக நிற்காமல் போனபோது, கிணற்றடியில் இருந்து சீலையை அலசி அலசி அழுதாள். வலிக்காக இல்லை. ஒரு தாயின் பிள்ளை வாழைப் பாத்தியில் கலந்து ஓடிக்கொண்டிருந்தான்.

பங்குனி நடுவில் கிளினிக் நாள். டொக்டர் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். "இனிப் பிந்தக்கூடாது. உம்மடை வகை இரத்தம் உள்ள ஒரு ஆள் இருக்கு, கம்பஸிலை படிக்கிற பெடியன். அடுத்த கிழமை வாரும்" என்றார். அன்று பரராசசிங்கம் கடையில் சாமான் இறக்க நின்றதால் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு போயிருந்தாள். அந்தப் பெண் வெளியே இருந்ததால் டொக்டர் சொன்னதைக் கேட்டது தவமலர் மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை அல்போன்சம்மாவிடம் சொன்னாள். அல்போன்சம்மா பிடித்திருந்த கையை விடாமல் கேட்டாள்.

"வேறை ஆரின்ரையும் ஏத்தினால், அவன்ரை எங்கை போகும்?"

"கலந்திடும்."

"பிறகு எது அவன்ரை, எது மற்றவன்ரை எண்டு தெரியாது."

"தெரியாது அம்மா."

அல்போன்சம்மா முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பங்குனிக் கடைசியிலை பிறந்தவன். இருபத்துமூண்டு முடியும்" என்றாள். பிறகு மெதுவாக, கேட்பதா வேண்டாமா என்று யோசித்தவள்போல், "பங்குனி கழிய ஏத்தச் சொல்ல ஏலாதோ பிள்ளை?"

"ஏலும்" என்றாள் தவமலர்.

கணவனிடம் சித்திரையில்தான் வரச்சொன்னார்கள் என்று சொன்னாள். அவன் நம்பினான். அவள் அதுவரை அவனிடம் பொய் சொன்னதில்லை.

அந்த நாட்களில் அவளுடைய காதுக்குள் ஓர் இரைச்சல் தொடங்கியது. படுத்தால் கூடும். அலை வந்து மண்ணை இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு தாளம், அடியில் தூரத்து மெசின் வள்ளத்தின் துடிப்பு. அவர்களுடைய வீடு கடலிலிருந்து விலகி, தோட்டங்களுக்கு நடுவே இருந்தது. "உங்களுக்குக் கேக்குதோ?" என்று ஒருநாள் கணவனைக் கேட்டாள். அவன் காது கொடுத்தான். காற்றுக்கூட இல்லை. இரத்தம் குறைந்தால் காது இரையும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்தார். அது அவளுக்கு நினைவிருந்தது. இருந்தும் இரைச்சல் வந்ததும் அவள் அசையாமல் படுத்து, வள்ளம் கிட்ட வருகிறதா, தூரப் போகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தூரத்தான் போனது.

பங்குனியின் கடைசி வெள்ளி. அல்போன்சம்மா வந்து இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்குமுன்பே தவமலரின் மூக்கிலிருந்து இரத்தம் வடியத் தொடங்கியது. சேலைத் தலைப்பால் பொத்தினாள். நிற்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள்; தொண்டைக்குள் இறங்கியது. அல்போன்சம்மா ஓடிவந்து அவளைத் தோளில் சாய்த்து மூக்கை இறுக்கிப் பிடித்தாள். அப்போதுதான் அந்த முகத்தைச் சரியாகப் பார்த்தாள். உதடு, நகம், கண்ணின் உட்புறம் எல்லாம் கடதாசி வெள்ளை.

"நீ ஏத்தேல்லையோ?"

"இல்லை."

"டொக்டர் எப்ப வரச்சொன்னவர்?"

"போன கிழமை. நீங்கள் கேட்டியள் எல்லே, அம்மா."

அல்போன்சம்மா தன் கையைப் பார்த்தாள். அது மணிக்கட்டுவரை சிவந்திருந்தது. பிறகு தெருவுக்கு ஓடி, சங்கக்கடைக்குக் கேட்கும்படி பரராசசிங்கத்தைக் கூப்பிட்டாள்.

அன்று யாழ்ப்பாணம் போகும் பண்ணைப் பாலத்தால் பஸ் ஓடவில்லை. ஆமி இருந்த கோட்டைப் பக்கம் காலையிலிருந்து வெடிச்சத்தம். வள்ளத்தில் எதிர்க்கரை அராலிக்குக் கடந்து, அங்கிருந்து வாடகை வான் பிடிப்பது ஒன்றுதான் வழி. பரராசசிங்கம் மனைவியைத் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். மகன் போன நாளிலிருந்து கடற்கரைக்கே வராத அல்போன்சம்மா, சேலையை வரிந்துகொண்டு வள்ளத்தில் ஏறி, பலகையில் இருந்து, தவமலரின் தலையை மடியில் வாங்கினாள்.

மெசின் இரைந்தது. மூக்கில் பொத்திய துணி நனைந்து, அல்போன்சம்மாவின் மடி நனைந்து, வள்ளத்தின் அடியில் கிடந்த தண்ணீர் சிவந்தது. தவமலர் துணியை இன்னும் இறுக்க முயன்றாள். கையில் பெலம் இல்லை.

"போகுதம்மா" என்றாள். "என்னாலை பிடிச்சுவைக்க ஏலேல்லை."

"விடு மோனை" என்றாள் அல்போன்சம்மா. "போனால் போகட்டும். நீ கண்ணை மூடாதை."

ஆஸ்பத்திரி இரத்த வங்கியில் பி நெகட்டிவ் இருக்கவில்லை. கம்பஸ் பெடியனைத் தேடிச் சைக்கிளில் ஆள் போனது. காத்திருக்கும் நேரத்தில் அல்போன்சம்மா தன் கையை மேசையில் நீட்டினாள்.

"என்னட்டை எடுங்கோ. அவன் நான் பெத்தவன். அவன்ரை சேர்ந்தது எண்டால் என்ரையும் சேரும்."

நேர்ஸ் விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் துளிவைத்துப் பார்த்தாள். "உங்கடை ஓ பொசிட்டிவ். இவவுக்குச் சரிவராது."

"வடிவாப் பாரும் தங்கச்சி."

"பாத்திட்டன் அம்மா. உங்கடை மகனுக்குப் பி எண்டால், அது தேப்பனிட்டை இருந்து வந்திருக்கும்."

அல்போன்சம்மா விரலை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அந்தாள் செத்து ஒன்பது வருசம். குடிச்சுப்போட்டு அடிச்ச அடியைத் தவிர ஒண்டும் விட்டிட்டுப் போகேல்லை எண்டு நினைச்சிருந்தன்" என்றாள். "இவ்வளவு நாளும் நான் அந்தாளைத்தான் தொட்டுப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன்."

பொழுதுபடும் நேரம் பெடியன் வந்தான். ஒல்லியானவன், கண்ணாடி போட்டவன். தவமலரின் கையில் ஊசி ஏறி, பையிலிருந்து துளி துளியாக இறங்கத் தொடங்கியது. கட்டிலருகே நின்ற அல்போன்சம்மா முதல் துளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பை பாதியானபோது, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே போனாள். பரராசசிங்கம் வராந்தாவரை பின்னால் போனான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

தவமலர் பிழைத்தாள். வீட்டுக்கு வந்த முதல் நாள் படுக்கையில் காது கொடுத்தாள். ஒன்றுமில்லை. பல்லி ஒன்று சொன்னது. கிணற்றடியில் வாளி இடித்தது. அந்த மௌனத்தில் அவளுக்கு உறக்கம் வரவில்லை.

"ஏன் என்னட்டைப் பொய் சொன்னனீர்?" என்று பரராசசிங்கம் கேட்டான். கோபமில்லை, களைப்பு.

"அவவுக்கு வேறை ஒண்டும் இல்லை."

"எனக்கு?"

அவன் எழும்பிப் போய் முற்றத்தில் நின்றான். பிறகு வந்து, எண்பத்துமூன்றில் கடைக்குள் அகப்பட்டுப்போன வேலையாளைப் பற்றி முதல்தடவையாகச் சொல்லத் தொடங்கினான். கதவின் மறுபக்கம் கேட்ட சத்தத்தைச் சொன்னான். இன்றைக்கும் அடுப்பில் விறகு வெடித்தால் அந்தச் சத்தம்தான் என்றான். அவள் அவனுடைய தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இருவரும் வேறு வேறு ஆட்களுக்காக அழுதார்கள்.

வெள்ளிக்கிழமைகள் வந்து போயின. அல்போன்சம்மா வரவில்லை. வைகாசியில், நடக்கப் பெலம் வந்தபின், தவமலர் பஸ்ஸில் ஊர்காவற்றுறைக்குப் போனாள். கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்த சின்னக் கல்வீடு. உள்ளே மரியநேசனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. சித்திரையில் திருப்பலி வைத்து, அவனுடைய சட்டையையும் சாரத்தையும் பெட்டியில் வைத்துப் புதைத்தாயிற்று என்று அல்போன்சம்மா சொன்னாள். வந்த விருந்தாளிக்குக் கொடுப்பதுபோல் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். சுகம் விசாரித்தாள். குளிசை ஒழுங்காகக் குடிக்கிறீரா என்று கேட்டாள். நீர் என்றாள், மோனை என்று சொல்லவில்லை.

புறப்படும்போது தவமலர் தன் கையை நீட்டினாள்.

அல்போன்சம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் கைகளைச் சேலைக்குள் எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் பிள்ளை. அங்கை இப்ப ஆர் இருக்கினம் எண்டு எனக்குத் தெரியாது."

பிறகு அவர்கள் சந்திக்கவில்லை. எண்பத்தேழில் அல்போன்சம்மா மன்னாரில் தமக்கையிடம் போய்விட்டதாகக் கேள்வி.

குளிசையால்தானோ வேறு எதனாலோ, வற்றிய மச்சை கொஞ்சம் ஊறத் தொடங்கியது. இரண்டு மாதத்துக்கு ஒருதரம் இரத்தம் ஏற்றியது நாலு மாதமாகி, பிறகு ஆறு மாதமாகியது. நோய் ஏன் வந்தது என்று தெரியாத டொக்டருக்கு ஏன் குறைகிறது என்றும் தெரியவில்லை. தொண்ணூறில் ஆமி வரத் தீவைவிட்டு எல்லோரும் ஓடியபோது அவளும் ஒரு பையைத் தலையில் வைத்துக்கொண்டு மற்றவர்களோடு நடந்தாள்.

அதற்கு முந்திய வருடம் ஒருமுறை ஏற்றவேண்டி வந்தது. வாட்டில் படுத்திருந்தாள். பை தொங்கியது. அப்போது வாசலில் ஓர் இளைஞன் வந்து நின்று, எந்தக் கட்டில் என்று நேர்ஸிடம் கேட்பது கேட்டது. முழங்கையை மடித்துப் பஞ்சை அழுத்திப் பிடித்திருந்தான்.

தவமலர் கண்ணை மூடிக்கொண்டாள். காலடிச் சத்தம் கட்டிலருகே வந்து நின்றது. அவன் மூச்சு விடுவது கேட்டது. "நித்திரை போலை" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, சிறிய மேசையில் எதையோ வைத்துவிட்டுப் போனான். செருப்புச் சத்தம் வராந்தாவின் கோடிக்குப் போய்த் தேயும்வரை அவள் இமையை அசைக்கவில்லை.

பரராசசிங்கம் சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தான். மேசையில் இரண்டு தோடம்பழம் இருந்தன.

"கீழை இரத்தம் தந்த பெடியனைக் கண்டனான். நல்ல பிள்ளை. நீர் நித்திரையாம். அவனுக்குப் பேர்..."

"சொல்லாதையுங்கோ" என்றாள் தவமலர்.

அவன் சொல்லவில்லை. கட்டில் விளிம்பில் இருந்து பழத்தை உரித்து, சுளையைப் பிரித்து, கொட்டையை நீக்கி ஒவ்வொன்றாக அவளுடைய மற்றக் கையில் வைத்தான். அவள் வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள். கண்ணை மட்டும் திறக்கவில்லை.